நம் பள்ளிகளையும் ஊழியத்தையும் தாங்கியவர்கள் யார், இனி யார்? (லுத்தரன் அமைப்புகள் பற்றி)

மணிக்கூண்டு எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் அரை மணி நேரம் பேசும்படி ஐயர் (எங்கள் போதகர்) என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். லுத்தரன் கல்விக்கும் ஊழியத்துக்கும் துணை நின்ற அமைப்புகள் என்பது தலைப்பு. ஹாலே, லைப்சிக், சுவீடன், டென்மார்க் என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள் எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நான் படித்த பள்ளியின் சுவரில் ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் உள்ள வகுப்பறையில் மழைக்காலத்தில் பிள்ளைகளை ஓர் ஓரமாக உட்காரவைக்கிறார்கள். எனவே பெயர்களோடு விஷயத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பணம் எங்கிருந்து வந்தது, எதற்காகக் கொடுத்தார்கள், எப்போது நின்றது, இப்போது இந்தப் பள்ளிகளும் சபைகளும் எதை வைத்து நடக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் முழுவதும் படிப்பேன்.


அடிக்குறிப்பு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. பணத்தைப் பின்தொடர்ந்து போனால் இந்தச் சரித்திரம் வேறு மாதிரி தெரியும். தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். ஆட்கள் ஜெர்மானியர்கள். அரசர் இந்த வேலைக்கென்று தபால் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 2000 தாலர் ஒதுக்கினார். 1714இல் கோபன்ஹேகனில் மிஷன் கல்லூரி என்ற பெயரில் ஒரு நிர்வாகக் குழு அமைந்தது. கல்லூரி என்றாலும் அது பாடம் நடத்தும் இடம் அல்ல, இன்றைய மிஷன் போர்டு மாதிரி.

இரண்டாவது தூண் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே பிராங்கே என்ற போதகர் 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, அப்புறம் அநாதை இல்லம், மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை என்று வளர்த்தார். மருந்தும் புத்தகமும் விற்ற வருமானம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போனது. தரங்கம்பாடியிலிருந்து (சுருக்கமாகத் தரங்கை) வந்த கடிதங்களையும் அறிக்கைகளையும் 1710 முதல் தொடர்ச்சியாக அச்சிட்டு வெளியிட்டதும் ஹாலேதான். அவற்றைப் படித்தவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். இன்றைக்கு ஒரு அமைப்பு ஆண்டறிக்கை அனுப்பி நன்கொடை கேட்கிறதே, அதை முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

மூன்றாவது தூண் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1698இல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். அது ஆங்கிலிக்கன் சங்கம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆனாலும் லுத்தரன் மிஷனுக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், கூட வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார், இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அரசர் சம்பளம், ஹாலே ஆட்களும் எழுத்துகளும், லண்டன் இயந்திரம் என மூன்று நாட்டுப் பணம் ஒரே புத்தகத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. சென்னை, திருச்சி, தஞ்சை வேலைக்கு லண்டன் சங்கம் சம்பளம் கொடுத்தது. ஸ்வார்ட்ஸ், பப்ரிசியஸ் எல்லாம் லுத்தரன் போதகர்கள்தான், ஆனால் சம்பளம் லண்டனிலிருந்து வந்தது. 1820களில் அந்தச் சங்கம் தன் தென்னிந்திய வேலையை இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்திடம் ஒப்படைத்தபோது, அந்தச் சபைகளில் பெரும்பாலானவை ஆங்கிலிக்கன் ஆகிவிட்டன. தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் கட்டியெழுப்பிய சபை இன்று லுத்தரன் சபையாக இல்லாததற்கு இதுதான் காரணம். யார் சம்பளம் கொடுக்கிறார்களோ, கடைசியில் சபையின் பெயர்ப்பலகையும் அவர்கள் கைக்குப் போகிறது. இதைச் சங்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.


மணிக்கூண்டு எழுதியது:

அண்ணா, தஞ்சைச் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. இதற்குப் பிறகு லைப்சிக் எப்படி வந்தது?


அடிக்குறிப்பு எழுதியது:

ஐரோப்பாவில் அனுப்புகிற ஆர்வம் தணிந்து, தரங்கை மிஷன் மெலிந்துபோயிருந்தது. 1836இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு லுத்தரன் மிஷன் சங்கம் தொடங்கி, 1848இல் லைப்சிக்குக்கு இடம் மாறியது. அவர்கள் அனுப்பிய கார்டஸ் போதகர் 1841இல் தரங்கை வந்தார். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. மிஷன் சொத்துகளும் சபையும் லைப்சிக் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. சுவீடன் திருச்சபை மிஷன் 1874இல் உருவானது. சுவீடன் ஊழியர்கள் முதலில் லைப்சிக்கோடு சேர்ந்தே வேலை செய்தார்கள், 1901 முதல் மதுரைப் பக்கம் அவர்களுக்கென்று தனிப் பகுதி கிடைத்தது. திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை அப்படி வந்ததுதான். சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரைச் சொல்கிறேன்.

முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பியது. ஒரே அமைப்பை நம்பியிருந்த பள்ளிகளும் சபைகளும் திடீரென்று அநாதையாக நின்றன. சுவீடன்காரர்கள் கைகொடுத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைப்புச் சட்டத்தோடு உருவானது. இரண்டாம் உலகப்போரில் அதே கதை திரும்ப நடந்தது. போர் முடிந்தபின் லைப்சிக் நகரமே கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது. போரால் ஆதரவிழந்த இப்படிப்பட்ட மிஷன்களைக் கவனிப்பதும் 1947இல் சுவீடனின் லுண்ட் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு தொடங்கியதற்கு ஒரு காரணம். நம் முதல் இந்தியப் பேராயர் மாணிக்கம் 1956இல்தான் அபிஷேகம் பெற்றார். தாமதம்தான்.


எளிய ஊழியன் எழுதியது:

சரித்திரத்துக்கு நன்றி ஐயா. ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 22 ஆண்டுகளாகக் கிராம ஊழியத்தில் இருக்கிறேன். மூன்று ஊர்களுக்கு ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஆராதனை, மாலை ஒன்று. வண்டிக்குப் பெட்ரோல் என் கைக்காசு. பள்ளிகளுக்கு நூறு ஆண்டுகளாக எல்லோரும் கொட்டினார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்று எங்கே? சபைக்கு வருகிறார்களா? ஆதரிக்கும் அமைப்புகள் இனியாவது பள்ளியை விட்டுவிட்டு உபதேசியாருக்கும் போதகருக்கும் சுவிசேஷத்துக்கும் கொடுக்கட்டும். பள்ளியை நடத்த அரசு இருக்கிறது, தனியார் இருக்கிறார்கள். சுவிசேஷத்தைச் சொல்ல நம்மை விட்டால் யார்?


அடிக்குறிப்பு எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் வாதத்தை இதே மண்ணில் ஒருவர் ஏற்கெனவே வைத்தார், அதன் பலன் கசப்பாக இருந்தது.

கோபன்ஹேகன் மிஷன் கல்லூரியின் செயலாளராக வெண்ட் என்பவர் இருந்தார். அப்போஸ்தலர்கள் போல வெறுங்கையோடு போய்ப் பிரசங்கிக்க வேண்டும், பள்ளியும் கட்டடமும் வீண் செலவு என்பது அவருடைய உறுதியான எண்ணம். சீகன்பால்குவின் கடைசி ஆண்டுகளில் அவரிடமிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. அவர் தரங்கையில் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல்தான் பிரதிஷ்டை ஆகியிருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு இறந்துபோனார், 36 வயதுதான். உடலோடு மனமும் நொந்தே போனார் என்று நான் நினைக்கிறேன்.

வெண்ட் வீண் என்று நினைத்தவற்றில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். 1707இல் தொடங்கிய பெண் பிள்ளைகள் பள்ளி. 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கத் தொடங்கிய செமினரி. உபதேசியாராக வேலை செய்து, 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்தியப் போதகர். படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அச்சிட்ட வேதாகமத்தை யார் வாசிப்பது? லூத்தரின் சிறு ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலை வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தாய்க்கு எழுத்து தெரிய வேண்டாமா? நம் மரபில் பள்ளியும் பிரசங்க பீடமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

உங்கள் மூன்று ஊர்ப் பிரச்சினைக்குப் பள்ளி காரணம் அல்ல. ஆளுக்குக் கொடுக்காமல் கட்டடத்துக்கே கொடுத்த பழக்கம்தான் காரணம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், உபதேசியார் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது.


மூன்றாம் பெஞ்சு எழுதியது:

நான் அதிகம் எழுதுவதில்லை. இந்தப் பேச்சைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள் நான். அப்பா கரும்பு வெட்டும் கூலி. எனக்கு வெளிநாட்டில் ஒரு ஆதரவாளர் இருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கரும்பலகையில் ஒரு கடிதம் எழுதிப் போடுவார்கள், நாங்கள் எல்லோரும் அதையே பார்த்து எழுதுவோம். "நான் நலம், நீங்கள் நலமா, நன்றாகப் படிக்கிறேன்." நான் ஒருமுறை எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டதைக் கூடுதலாக எழுதினேன். வேறு தாளில் திருப்பி எழுதச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட அந்த மனிதர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆனால் அந்தச் சோறு உண்மை. காலை ஜெபம், இரவு படிப்பு நேரம், காய்ச்சல் வந்தால் வார்டன் அக்கா நெற்றியில் போட்ட ஈரத்துணி, எல்லாம் உண்மை. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பதினாறில் கல்யாணம் ஆகிப் போனார்கள். நான் இன்று அரசு மருத்துவமனையில் செவிலியர். ஊழியன் ஐயா, படித்தவர்கள் எங்கே என்று கேட்டீர்கள். இங்கே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் சபையில்தான் இருப்பேன். எங்களை யாராவது ஒருநாள் கூப்பிட்டு, "நீ படித்த போர்டிங்கில் இப்போது இன்னொரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு மாதம் இவ்வளவு வேண்டும்" என்று கேட்டார்களா? இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.


பழைய வார்டன் எழுதியது:

மகளே, நீ படித்தது எந்த போர்டிங் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கரும்பலகைக் கடிதம் எனக்குத் தெரியும். நானும் எழுதிப்போட்டிருக்கிறேன். அறுபது பிள்ளைகள், ஒரே வாரம், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பட்டியலோடு அனுப்ப வேண்டும். அப்போது வேறு வழி தெரியவில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உன் ஆட்டுக்குட்டி போயிருக்க வேண்டும்.

விடுதிகள் எப்படி நடந்தன என்று கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1959இல் ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் கிண்டர்நாட்ஹில்ஃபெ என்ற அமைப்பு தொடங்கியது. இந்தியப் பிள்ளைகளுக்கு உதவத்தான் அதைத் தொடங்கினார்கள். ஒரு குடும்பம் ஒரு பிள்ளையைத் தாங்குவது என்ற முறை. அதே 1959இல் பிரட் ஃபார் த வேர்ல்டு என்று நாம் சொல்லும் ஜெர்மன் சபைகளின் உதவித் திட்டமும் தொடங்கியது. இப்படிப்பட்ட அமைப்புகளால்தான் பல திருச்சபைகளின் விடுதிகள் நிரம்பின. பிறகு அவர்களுடைய யோசனை மாறியது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதியில் வைப்பதைவிட, குடும்பத்தையும் ஊரையும் பலப்படுத்துவது நல்லது என்று நினைத்தார்கள். அது தவறு என்று சொல்லமாட்டேன். கிராமங்களில் அரசுப் பள்ளிகளும் வந்துவிட்டன. ஆனால் மாற்றம் வந்தபோது நாம் தயாராக இல்லை. பணம் குறைந்ததும் சமையல்காரரை நிறுத்தினோம், பிறகு இரவுப் படிப்புக்கு வரும் ஆசிரியரை, கடைசியில் விடுதிக் கதவையே பூட்டினோம். நான் இருந்த இடத்தில் அது ஐந்தே ஆண்டில் நடந்தது. அந்த நாட்களில் மேலிடத்துக்கு நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இன்னொன்று. டேனிஷ் மிஷனை யாரும் சொல்லவில்லை. லைப்சிக்கில் இருந்த ஓக்ஸ் போதகர், சபைக்குள் சாதி வித்தியாசத்தைச் சகித்துக்கொள்வதை ஏற்க மாட்டேன் என்று பிரிந்து மேல்பட்டாம்பாக்கம் போனார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவருக்குத் துணை வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஒருவர் மனசாட்சிக்காகச் சம்பளத்தை விட்டு வெளியே வந்தபோது, எங்கோ இருந்த எளிய டேனிஷ் சபை மக்கள் அவரை விழவிடவில்லை. துணை நிற்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.


தொகைவரி எழுதியது:

நான் சில திருச்சபை நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறவன். இன்றைய நிலை பற்றிக் கேட்டீர்கள், தெளிவாகச் சொல்கிறேன்.

முதலில், நம் பள்ளிகளை இன்று தாங்கும் மிகப்பெரிய கை தமிழ்நாடு அரசுதான். உதவிபெறும் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. இந்த மானிய முறை ஆங்கிலேயர் காலத்தில், கல்வி பற்றிய 1854ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பிறகு வந்தது. கட்டடம், பராமரிப்பு, கழிப்பறை, ஆய்வகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. மழைக்காலத்தில் பிள்ளைகளை ஓரமாக உட்காரவைக்கும் காரணம் இதுதான் தம்பி. சம்பளம் வரும், கூரைக்கு வராது.

ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகும். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போகும், பணியிடம் போனால் எண்ணிக்கை இன்னும் குறையும். கூரையைச் சரிசெய்யாத பள்ளி ஆசிரியரையும் இழக்கும் என்பது இந்த வழியில்தான் நடக்கிறது.

இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். 1976இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2010இல் புதிய சட்டம், 2020இல் பெரிய திருத்தம். அந்தத் திருத்தத்தின் முக்கியமான விளைவு, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. முன்பு தலைமை அலுவலகமோ கூட்டமைப்போ வாங்கிச் சிறிய விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. தனியாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு அந்த வழி அடைபட்டது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது, 20 ஆகக் குறைந்தது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் தான் வந்து இறங்க வேண்டும். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லுத்தரன் அமைப்புகள் மனம் மாறிவிட்டார்கள் என்று பேசுகிறோம். பல இடங்களில் அவர்களுக்கு மனம் இருக்கிறது, இங்கே வாங்குவதற்குத் தகுதியான கணக்கு இல்லை. பதிவு காலாவதியாகியிருக்கும், அறிக்கை தாக்கல் செய்யாமல் விட்டிருப்பார்கள். வெளியூர்க்காரர்களைக் குறை சொல்லுமுன் நம் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பழைய மாணவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். குடியுரிமை மாறியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.


வடகரை எழுதியது:

ஸ்தோத்திரம் அண்ணன்மார்களே, அக்கா. நான் ஆம்பூர்ப் பக்கம், இப்போது அமெரிக்காவில் மிசௌரி சினோடு என்ற லுத்தரன் திருச்சபையின் ஒரு சபையில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது இந்த சினோடுதான். லைப்சிக்கிலிருந்து விலகிய நெய்தர், மோன் என்ற இருவரை அனுப்பினார்கள், 1895இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது. அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில். கன்கார்டியா என்ற பெயரில் பள்ளியும் செமினரியும் வந்தது அந்த வழியில். இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதன் தொடர்ச்சி.

இங்கே வந்தபிறகு அந்தப் பணத்தின் இன்னொரு முனையைப் பார்த்தேன். 1942இல் தொடங்கிய லுத்தரன் பெண்கள் மிஷனரி சங்கம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு சின்னக் காகிதப் பெட்டி. ஏழை விதவை போட்ட இரண்டு காசின் பெயரால் அதைக் காசுப் பெட்டி என்கிறார்கள். மீதிச் சில்லறையை அதில் போடுவார்கள். என் பக்கத்து இருக்கையில் உட்காரும் எண்பது வயதுப் பாட்டி வாரம் தவறாமல் கொண்டுவருகிறார். எங்கள் அம்மா அடுப்பில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது ஞாபகம் வந்து அன்று ஆராதனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வளர்ந்த பள்ளி பணக்காரர்கள் பணத்தில் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொரு முறையும் பார்த்தேன். இந்த சினோடில் திருச்சபை விரிவாக்க நிதி என்று ஒன்று உண்டு. சபையார் தங்கள் சேமிப்பை அதில் வட்டிக்கு வைக்கிறார்கள், பள்ளியோ ஆலயமோ கட்டும் சபைகளுக்கு அது கடன் கொடுக்கிறது. தானமே இல்லை, சேமிப்பு. இதை நம் ஊரில் செய்யலாமா?


தொகைவரி எழுதியது:

அப்படியே செய்ய முடியாது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க இங்கே ரிசர்வ் வங்கி விதிகள் கடுமையானவை. ஒரு திருச்சபையோ அறக்கட்டளையோ வட்டி தருகிறேன் என்று வாங்கினால் சிக்கலில் மாட்டும். தயவுசெய்து யாரும் முயலாதீர்கள்.

இங்கே செய்யக்கூடியது மூலதன நிதி. அசலைத் தொடாமல் வங்கி வட்டியை மட்டும் செலவழிப்பது. ஒரு எச்சரிக்கை: பள்ளிக்கான அறக்கட்டளையையும் சபை ஊழிய நிதியையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் கல்விப் பணிக்குப் பதிவுசெய்தால், கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு வாங்கித் தரலாம். ஒரு மதத்தாருக்கென்று மட்டும் உள்ள பணிக்கு அது கிடையாது. கலந்தால் இரண்டும் கெடும்.


எளிய ஊழியன் எழுதியது:

செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் ஊர்களில் ஒன்றில், எங்கள் மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியராகி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா இருக்கிறார். நான் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துகிறார், ஞானப்பாட்டு எடுத்துக் கொடுக்கிறார், திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறார். பள்ளி வேண்டாம் என்று எழுதியபோது அவரை நான் மறந்திருந்தேன்.

ஆனாலும் கேட்டது கேட்டதுதான். ஆளுக்குக் கொடுக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் குருகுலத்துக்கு ஒரு பிள்ளையை இறையியல் படிக்க அனுப்பினால், அவர் படிக்கும் ஆண்டுகளில் வீட்டுக்கு வருமானம் இல்லை. எங்கள் பகுதியில் நல்ல பையன் ஒருவன் அதனாலேயே விண்ணப்பிக்காமல் தோல் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அவனுக்கு எந்த அமைப்பிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.


மூன்றாம் பெஞ்சு எழுதியது:

ஐயா, அவன் இன்னும் விண்ணப்பிக்க வயது இருக்கிறதா? எங்கள் போர்டிங் தோழிகள் பதினோரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்துக்குத்தான் இதுவரை பயன்படுத்துகிறோம். இன்று இரவு கேட்கிறேன். அவன் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: அவன் எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், தன் சொந்த வார்த்தையில்.


எளிய ஊழியன் எழுதியது:

21 வயதுதான் ஆகிறது. இன்று மாலையே அவன் வீட்டுக்குப் போகிறேன் சகோதரி.


மணிக்கூண்டு எழுதியது:

கூட்டம் நேற்று முடிந்தது. சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அமைப்புகளின் பட்டியலைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கிவிட்டேன். தஞ்சைச் சபைகள் கைமாறிய கதையிலிருந்து தொடங்கி, 1919, கரும்பலகைக் கடிதம் (அக்கா அனுமதி தந்ததால்), காசுப் பெட்டி, கூரைக்கு வராத மானியம் வரை சொன்னேன். அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கள் சபையிலும் பிடி அரிசி இருந்தது, சமையல் கேஸ் வந்தபிறகு யாரும் எடுக்கவில்லை என்று பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பாட்டி எழுந்து சொன்னார். ஏன் நிறுத்தினோம் என்று அங்கே யாருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பள்ளியின் பழைய மாணவர்களைத் தேடி எடுத்து, முதலில் அந்த ஒரு வகுப்பறைக் கூரை. அதன் பிறகு கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை, இரவுப் படிப்புக்கு ஒரு ஆசிரியர். கணக்கைப் பள்ளி அறக்கட்டளை பெயரில் தனியாகத் திறக்க, தொகைவரி ஐயா சொன்னபடி ஐயரிடம் பேசிவிட்டேன். ஒரு தடை. பள்ளியில் 1990க்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையான் அரித்துப் போயிருக்கின்றன. யார் படித்தார்கள் என்றே தெரியாமல் யாரைத் தேடுவது?


பழைய வார்டன் எழுதியது:

தம்பி, நீ பள்ளியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியதும் அதிர்ந்துபோனேன். உங்கள் பள்ளி விடுதியில் நான் ஒன்பது ஆண்டு இருந்தேன். விடுதியைப் பூட்டிய நாளில் வருகைப் பதிவேடுகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 1974 முதல் 1998 வரை, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், எந்த வகுப்பு என்று எல்லாம் இருக்கிறது. மொத்தம் பதினாறு நோட்டுகள், இரும்புப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வா. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா, பெட்டி கனம்.